ரிட்டர்ன் அக்கா மாற்றாமல் விட்ட கேபிள்

கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் அந்தக் கடை இரண்டாவது மாடியில் இருந்தது. அங்கே அவளை எல்லோரும் ரிட்டர்ன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பில் போடும் வேலைக்கு வந்தவள். வந்த மூன்றாம் மாதமே, வேறு யாரும் உட்கார மாட்டேன் என்று ஓடிய ரிட்டர்ன் கவுண்டரில் முதலாளி அவளைக் கொண்டுபோய் உட்கார வைத்தார். வாங்கிப்போன பொருள் பொருந்தவில்லை என்று கோபமாகத் திரும்பி வருகிறவர்களிடம் திட்டு வாங்குவதுதான் அந்த நாற்காலியின் வேலை. ஒன்பது வருஷம் வாங்கினாள்.

சும்மா வாங்கவில்லை. திட்டுகிறவர் திட்டிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டு, மேஜைமேல் கிடக்கும் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஏன் பொருந்தவில்லை? ஒருவர் புது மெமரி ராமைப் பழைய மதர்போர்டில் அழுத்தித் திணித்து, அது உட்காரும் பள்ளத்தையே உடைத்திருப்பார். இன்னொருவர் வாங்கிய ஃபேன் கம்ப்யூட்டர் பெட்டியைவிட மூன்றே மில்லிமீட்டர் உயரம். பக்கக் கதவு மூடாது. வேறொருவருக்கு ப்ராசசர் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும், ஆனால் போர்டுக்குள் இருக்கும் மென்பொருள் அதைவிடப் பழசு, "நீ யாரப்பா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும். இப்படி ஊரார் செய்த தப்பையெல்லாம் பார்த்துப் பார்த்தே அவள் தொழில் கற்றாள். சரியாகச் செய்தவர்களிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? அவர்கள்தான் கடைக்குத் திரும்பி வருவதே இல்லையே.

பத்தாவது வருஷம் முதலாளிக்கு ஞானம் பிறந்தது. திரும்பி வந்தபிறகு பார்ப்பதற்குப் பதில், வாங்கும்போதே அவளைப் பார்க்கச் சொன்னால் என்ன? அன்றிலிருந்து பாகங்கள் வாங்க வருகிறவர்களின் எந்த லிஸ்ட்டும் அவள் கண்ணில் படாமல் பில்லுக்குப் போகாது. பெயர் மட்டும் ரிட்டர்ன் அக்காவாகவே நின்றுவிட்டது.

அவள் முதலில் பாகத்தைப் பற்றிக் கேட்கவே மாட்டாள். "என்ன வேலைக்கு? எந்த ரூம்ல வைக்கப் போறீங்க? மேஜை மேலயா, கீழயா? வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கா?" என்று சம்பந்தம் பேச வந்தவள் மாதிரி விசாரிப்பாள். பிறகு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து பெட்டியை உள்பக்கமாக அளப்பாள். அட்டையில் அச்சடித்த அளவை நம்ப மாட்டாள். விதவிதமாக விளக்கு எரியும் பாகங்களாகப் பொறுக்கிக்கொண்டு வந்த ஒரு கல்லூரிக்காரரிடம், "லைட்டுக்குத்தான்னா பக்கத்துலயே எலெக்ட்ரிக் கடை இருக்கு தம்பி, மலிவா முடிஞ்சிடும்" என்றாள். அவர் முறைத்துக்கொண்டு போய், அடுத்த வாரம் அவளிடமே வந்தார். "மாட்டுதுன்னா சேருதுன்னு அர்த்தம் இல்ல" என்பது அவள் தினமும் நாலு தடவையாவது சொல்லும் வாக்கியம். தலைக்கனமும் கொஞ்சம் உண்டு. ஏன் இருக்கக்கூடாது? மூன்று வருஷமாக அவள் பார்த்து அனுப்பிய லிஸ்ட் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

அவளுக்கு ஒரே அண்ணன். காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவர். வெங்காய மூட்டைமேல் ஏறி நின்றால் மைக் இல்லாமலே சந்தையின் கடைசிக் கடை வரைக்கும் கேட்கும் குரல். வாங்க வந்தவர்களைக் கிண்டல் செய்தே விலையை ஏற்றுவார். "அண்ணாச்சி பையில கை போகுது, ஆனா வெளிய வரமாட்டேங்குது, யாராவது உள்ள பிடிச்சு வச்சிருக்கீங்களா?" என்பார். கூட்டம் சிரிக்கும், அண்ணாச்சி ரோஷத்தில் இன்னும் பத்து சேர்த்துக் கேட்பார். வீட்டிலும் அதே குரல்தான். மெதுவாகப் பேசுங்கள் என்று அண்ணி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

அந்த மனிதருக்குத்தான் நாக்கு தடித்தது. முதலில் சில சொற்கள் குழறின. பிறகு வலது கால் படியில் இடறியது. நரம்பு சம்பந்தப்பட்ட நோய் என்றார் டாக்டர். கால்கள் போகும், கை போகும், அதற்கெல்லாம் முன்னால் பேச்சு போகும். ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை. ஆனால் டாக்டர் இன்னொன்றும் சொன்னார். குரல் நன்றாக இருக்கும்போதே நிறையப் பேசிப் பதிந்து வைத்துக்கொண்டால், பின்னால் கம்ப்யூட்டர் அந்தக் குரலிலேயே பேசும். கண்ணை அசைத்து எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். குரல் அவருடையதாகவே இருக்கும்.

"கம்ப்யூட்டர்தானே? அதை நான் பாத்துக்கறேன்" என்றாள் அவள். அழுதுகொண்டே சொன்னாலும் உள்ளுக்குள் ஒரு பிடி கிடைத்தது. நோயை அவளால் ஒன்றும் செய்ய முடியாது. இது முடியும்.

நான்கு மாதம், வாரம் மூன்று நாள், கடை முடிந்து அண்ணன் வீட்டுக்குப் போவாள். ஜன்னலுக்குப் போர்வை மாட்டி, ஃபேனை நிறுத்தி, மைக்கை வைத்துவிட்டு எதிரே உட்காருவாள். ஆயிரத்து அறுநூறு வாக்கியங்கள். "இன்று வானம் தெளிவாக இருக்கிறது", "கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள்" என்று மென்பொருள் கொடுத்தவை பாதி. "இந்த மாதிரி நான் எந்த ஜென்மத்துல பேசினேன்?" என்று அண்ணன் கடுப்பாகி, தன் வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டார். "ஏய் வாயாடி, வந்தியா?", "உப்பு போட்டியா, இல்ல டப்பாவைக் காட்டிட்டு வச்சிட்டியா?", "எனக்கு ஒண்ணும் இல்ல, நீ போய்ப் படு." கடைசி நூறு வாக்கியங்களில் குழறல் அதிகமாகக் கேட்கத் தொடங்கியது. அத்துடன் நிறுத்தினார்கள். போதும், நல்ல குரல் கைவசம் வந்தாகிவிட்டது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு அவள் போட்டதுபோல ஒரு லிஸ்ட்டை யாருக்கும் போட்டதில்லை. படுக்கை பக்கத்தில் இருக்கப்போவது, அதனால் இரைச்சல் கூடாது. கண்ணைப் பார்க்கும் கேமராவுக்குத் தனி இணைப்பு. பதிவுகளுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்றில் மூலம், இன்னொன்றில் பிரதி. பதிவதற்குக் கடையிலிருந்து இரவல் வாங்கிய லேப்டாப்பைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். குரலைத் தயார் செய்யப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும், அது அடுத்த மாதம்தான் கடைக்கு வரும் என்றார்கள். அதுவரைக்கும், பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளையில் சின்னதாக ஒன்றை வைத்துப் பெட்டியை முடித்தாள். உள்ளே ஓடும் ஒவ்வொரு கேபிளையும் போர்டுக்குப் பின்னால் இழுத்துக் கட்டினாள். திறந்து பார்த்த முதலாளி, "நகைக்கடையில வைக்கலாம் போலிருக்கே" என்றார். பெட்டி அண்ணன் வீட்டு மேஜைக்குப் போனது.

கார்டு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதையும், அதன் பசிக்குத் தோதான பெரிய பவர் சப்ளையையும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். பழைய பவர் சப்ளையைக் கழற்றினாள். போர்டுக்குப் போகும் கேபிளை மாற்றினாள். கார்டுக்குப் புதுக் கேபிள் போட்டாள். ஹார்ட் டிஸ்க்குகளுக்குப் போகும் கேபிள் மட்டும் பாக்கி. அது பன்னிரண்டு கட்டுகளோடு பின்பக்கம் படிந்து கிடந்தது. "சாப்பாடு ஆறுது, வாயேன்" என்று அண்ணி இரண்டாம் தடவை கூப்பிட்டாள். புதுப் பவர் சப்ளையும் அதே கம்பெனி. பழைய கேபிளின் முனையை அதில் வைத்தாள். க்ளிக் என்று உட்கார்ந்தது.

இந்த இடத்தில் கதை சொல்கிற எனக்கே அவள் கையைப் பிடித்து இழுக்க வேண்டும்போல் இருக்கிறது. பவர் சப்ளையோடு வரும் கேபிளை இன்னொரு பவர் சப்ளையில் போடக்கூடாது. டிஸ்க் பக்க முனை எல்லோருக்கும் ஒன்றுதான். பவர் சப்ளை பக்க முனையில் எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட் என்பதை ஒவ்வொருவரும் தன் இஷ்டப்படி வைத்திருப்பார்கள். ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேகூட மாறும். ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்தில் பன்னிரண்டு போகும். ரிட்டர்ன் கவுண்டரில் அப்படிச் செத்த டிஸ்க்குகள் நாலைக் கையால் வாங்கியவள் அவள். 'பழைய கேபிளைப் பயன்படுத்தாதீர்கள்' என்று கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் காகிதம் அவள் கையெழுத்து. ஊருக்குத்தான் உபதேசம்.

சுவிட்சைப் போட்டாள். கம்ப்யூட்டர் சமர்த்தாக எழுந்தது. திரையில் படம் வந்தது. மூக்கில் மட்டும் ஒரு காரமான வாடை. திரையில் டிஸ்க்குகளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டும் இல்லை. கேபிள் ஒன்று, அதில் முனை இரண்டு. மூலத்தையும் பிரதியையும் அடுத்தடுத்து அதிலேயே மாட்டி வைத்திருந்தாள். "என்ன... ஆச்சு?" என்று உள்ளேயிருந்து அண்ணன் கேட்டார். "ஒண்ணுமில்லண்ணா, டிஸ்க்கைக் கடைக்கு எடுத்துட்டுப் போய்ப் பாக்கணும்" என்றாள். ஆறிப்போன சாப்பாட்டை அப்படியே விழுங்கிவிட்டுக் கிளம்பினாள்.

கடைக்குக் கீழே, மைக்ராஸ்கோப் வைத்துக்கொண்டு சில்லு பார்க்கும் ரிப்பேர்காரர் ஒருவர் இருந்தார். எரிந்த டிஸ்க்கின் அடியில் இருக்கும் சர்க்யூட் பலகையை, அதே மாடல், அதே மாதத் தயாரிப்பில் உள்ள இன்னொரு டிஸ்க்கின் பலகையோடு மாற்றினால் சில சமயம் உயிர் வரும். அப்படி ஒன்றைத் தேடி அவள் இரண்டு நாள் அலைந்தாள். எண்ணுக்கு எண் ஒத்துப்போகும் பலகைகள் கிடைத்தன. அவர் பொறுமையாகச் சில்லைப் பெயர்த்து ஒட்டினார். ஒரு டிஸ்க் சுற்றவே இல்லை. மற்றது சுற்றியது, டக் டக் என்று தட்டியது, நின்றது. "உள்ள படிக்கிற தலையே போயிருக்கு. எங்க கொண்டுபோனாலும் இதைத்தான் சொல்லுவாங்க" என்றார் அவர். எங்கெங்கோ கொண்டுபோய்க் கேட்டாள். அதைத்தான் சொன்னார்கள்.

முதலாளி நல்லவர்தான். "யானைக்கும் அடி சறுக்கும்மா. டிஸ்க்குன்னா ஒருநாள் போறதுதானே? போயிடுச்சுன்னு சொல்லு. எப்படிப் போச்சுன்னு யாரு கேக்கப் போறா?" என்றார். உண்மைதான். அந்த வீட்டில் அதைக் கேட்கத் தெரிந்த ஆள் யாரும் இல்லை. கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியவள் அவளே.

போய்ச் சொன்னாள். அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவர் கண்ணைப் பார்க்காமல், மாத்திரை டப்பாவைப் பார்த்தபடி சொன்னாள். "டிஸ்க் போயிடுச்சுண்ணா. எவ்வளவோ பாத்துட்டேன்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

அவர் தன் வலது காலைத் தடவிக்கொண்டார். பிறகு, "இடிச்சா... போகுமா?" என்று கேட்டார். கேள்விக்குச் சரியான பதில் சொல்லியே பழகிய வாய் அவளுடையது. "ஓடிட்டிருக்கும்போது இடி பட்டா போகலாம்" என்றாள். ஏன் கேட்கிறார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பேச்சு கேபிள் பக்கம் திரும்பாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

"சரி... விடு. நீ பாத்தும்... பொழைக்கலைன்னா... பொழைக்காது" என்றார் அண்ணன். அந்த வார்த்தை அவளை வீடு வரைக்கும் துரத்தியது. புதிதாகப் பதியலாமா என்றால், இப்போது இருக்கும் குரல் இந்தக் குரல். சந்தையில் கேட்ட குரல் இல்லை. அது இனி யாரிடமும் இல்லை. இல்லாமல் போனது அவளால்தான். கடையில் லிஸ்ட் பார்க்கும்போது எழுத்துகள் கலங்கின. ஒரே வரியை மூன்று தடவை சரிபார்த்தாள். "சேருமா அக்கா?" என்று கேட்டால் மறுபடி ஸ்கேலை எடுத்து அளந்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் அண்ணி போன் செய்தாள்.

"நீ கொஞ்சம் வந்து உன் அண்ணன்கிட்ட பேசும்மா. அஞ்சு நாளா எந்திரிச்சு ஒரு அடி வைக்கல. பாத்ரூமுக்குக்கூட என் தோள்மேலதான். பயிற்சி குடுக்க வர்ற அம்மா நேத்து கோவிச்சுக்கிட்டாங்க. நடக்கறதை இப்ப விட்டா திரும்ப வராதுங்கறாங்க. கேட்டா, 'இந்தக் கால் பண்ணின வேலை போதும்'ங்கறாரு."

"கால் என்ன பண்ணுச்சு அண்ணி?"

"உனக்குத் தெரியாதா? நீ வந்தியே ஞாயித்துக்கிழமை, அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை தடுமாறி அந்த மேஜைமேல விழுந்தாரே. பெட்டி ஒரு ஆட்டம் ஆடுச்சு. அதுலதான் உள்ள இருந்ததெல்லாம் போச்சாம். நீயே சொன்னியாமே, இடிச்சா போகும்னு. உன் நாலு மாச உழைப்பைத் தன் கால் உதைச்சிடுச்சுன்னு உக்காந்து அழுவுறாரு. நீ ஒரு வார்த்தைகூடக் கோவிச்சுக்கலையாம், அதைச் சொல்லிச் சொல்லி அழுவுறாரு."

அவள் போனை வைத்தாள். கவுண்டரில் பாதி பார்த்த லிஸ்ட்டை அப்படியே வைத்துவிட்டு முதலாளியிடம்கூடச் சொல்லாமல் படியிறங்கினாள். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. வழியெல்லாம் ஒரு பொய்யைத் தேடினாள். 'இடியால் போகவில்லை, தயாரிப்புக் கோளாறு' என்று சொல்லலாம். கம்பெனியின்மேல் போட்டுவிடலாம். அண்ணன் நம்புவார். அவள் சொன்னால் எதையும் நம்புவார். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது, தன்மேலேயே.

அண்ணன் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நடப்பதற்குப் பிடித்துக்கொள்ளும் அலுமினியச் சட்டம் மூலைக்குப் போயிருந்தது. அதன்மேல் துண்டு காயப் போட்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார்.

அவள் நின்றபடியே சொன்னாள். "அண்ணா, உன் கால் இல்ல. நான்தான். பழைய பவர் சப்ளையோட கேபிளைப் புதுசுல மாட்டிட்டேன். மாட்டக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். வேற யாரைவிடவும் எனக்குத் தெரியும். கட்டுகளைப் பிரிக்கச் சோம்பல்பட்டு மாட்டினேன். சுவிட்சைப் போட்ட நிமிஷமே ரெண்டும் எரிஞ்சிடுச்சு. நீ விழுந்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஞாயித்துக்கிழமை நான் கழட்டற வரைக்கும் ரெண்டும் நல்லா ஓடிட்டிருந்துச்சு."

அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றாள். அண்ணன் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை.

"நீ... சொன்னியே" என்று ஆரம்பித்தார்.

சமீப மாதங்களில் அந்த வீட்டில் ஒரு பழக்கம் வந்திருந்தது. அவர் ஒரு சொல்லில் திணறினால் பக்கத்தில் இருப்பவர்கள் அதை முடித்துக் கொடுத்துவிடுவார்கள். கஷ்டப்பட வேண்டாமே என்றுதான். இப்போதும் அண்ணி, "இடிச்சா போகும்னு..." என்று எடுத்துக் கொடுத்தாள். அண்ணன் கையை ஓங்கி நாற்காலியில் அடித்தார். அண்ணி வாயை மூடிக்கொண்டாள்.

அவர் திட்டினார். ஒரு காலத்தில் அந்தத் திட்டு அரை நிமிஷத்தில் முடிந்து தெருவுக்கே கேட்டிருக்கும். இன்று ஒவ்வொரு சொல்லாக வந்தது. நாக்கு ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றது, உதட்டோரம் எச்சில் வழிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. என்ன சொல்ல வருகிறார் என்று முதல் எழுத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தும் அவள் எதையும் முடித்துக் கொடுக்கவில்லை. நின்று கேட்டாள்.

"தப்பு... பண்ணின. அது... சரி. யாரும்... பண்ணுவாங்க. அஞ்சு நாள்... என் காலை... நானே... வெட்டிப் போடணும்னு... நெனைச்சேன். நெனைக்க... விட்டியே. நீ... விட்டியே."

அதற்குக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். "ஆமாண்ணா" என்று மட்டும் சொன்னாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அழுதால் அவர் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவார் என்று பயமாக இருந்தது.

அவர் சமாதானம் சொல்லவில்லை. நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்தார். தாங்கிப் பிடிக்க அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். வேண்டாம் என்று அவர் தலையை ஆட்டினார். அண்ணியும் வந்தாள், அண்ணிக்கும் அதே தலையாட்டல். சுவரில் உள்ளங்கையைப் பதித்து, வலது காலை இழுத்து வைத்து, இடது காலை வைத்து, மறுபடி வலது காலை இழுத்து, ஒன்பது அடியில் உள்அறைக்குப் போய்ச் சேர்ந்தார். திரும்பிப் பார்க்காமல் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

"நடந்துட்டாரு" என்றாள் அண்ணி. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. இவள் பக்கம் அவள் திரும்பவே இல்லை.